பாட்டு ஏன் நின்றது?

பாட்டு நடுவில் நின்றுவிட்டால் மனிதனுக்கு முதலில் சினம் வருகிறது. ஆராய்ச்சி பிறகுதான் வருகிறது. கிராமபோன் இருந்த நாளில் ஊசி தேய்ந்திருக்கும். பழியை இசைத்தட்டு சுமக்கும். ஒலிநாடா வந்த நாளில் நாடா சிக்கிக்கொள்ளும். பென்சிலை நுழைத்துச் சுற்றி நேராக்குவார்கள். அந்தக் கருவிகளிடம் ஒரு நன்மை இருந்தது. குற்றம் எதுவாயினும் அது மேசைமேல், கண்ணெதிரே கிடந்தது. கைப்பேசியில் பாட்டுக் கேட்கும் இன்றைய மாணவருக்கு அந்த வசதி இல்லை. பாட்டு ஒலிப்பது அவருடைய கையில். அது வைக்கப்பட்டிருப்பதோ எங்கோ தொலைவில். இடைவழியில் கம்பி, கோபுரம், கணினி, ஒப்பந்தம் என்று எத்தனையோ நிற்கின்றன. இவற்றுள் எது தவறினாலும் திரையில் தோன்றுவது பெரும்பாலும் ஒரே காட்சிதான்: சுழன்றுகொண்டே இருக்கும் ஒரு சிறு வட்டம். அந்த வட்டத்தைப் பார்த்துக் குற்றத்தின் இருப்பிடத்தை அறிவது எங்ஙனம்? இன்று நாம் பேசப்போவது அதைப் பற்றியே.

முதலில் அந்தப் பாட்டு நூலகத்தின் அளவைச் சற்று எண்ணிப் பார்ப்போம். 2001-ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் ஐபாட் என்னும் சிறு கருவியை விற்கத் தொடங்கியபோது, சட்டைப் பைக்குள் 1,000 பாட்டு என்று பெருமை பேசியது. அதே நிறுவனம் 2022 அக்டோபரில் தன் நூலகத்தில் 10 கோடிப் பாட்டு உண்டு என்று அறிவித்தது. சுவீடன் நாட்டில் பிறந்து, 2008-இல் சேவையைத் தொடங்கி, 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்த ஸ்பாட்டிஃபையும் அதே அளவைச் சொல்கிறது. ஒரு பாட்டுக்கு நான்கு நிமிடம் என்று கொண்டால், உணவும் உறக்கமும் இன்றிக் கேட்டு முடிக்க ஏறத்தாழ 760 ஆண்டுகள் ஆகும். சோழப் பேரரசின் கடைசி மன்னன் மூன்றாம் இராசேந்திரன் காலத்தில் கேட்க உட்கார்ந்தவர், இப்போதுதான் எழுந்து சோம்பல் முறிப்பார்! இடக்கணக்கும் இப்படித்தான். நடுத்தரமான ஒலித்தரத்தில் ஒரு பாட்டு ஏறக்குறைய 5 மெகாபைட் இடம் கொள்ளும். அத்தனை பாட்டையும் சேர்த்து வைக்க, 128 ஜிகாபைட் கொள்ளும் கைப்பேசிகள் நாலாயிரம் அளவுக்கு வேண்டும்.

ஆகவே நம் கைப்பேசியில் இருப்பது நூலகம் அன்று, அந்நூலகத்தின் கதவுதான். கேட்கும் பொழுதில் பாட்டு துளித்துளியாக வந்து சேருகிறது. வீட்டு மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தெருக்குழாயில் நீர் விட்டுவிட்டு வருகிறது. ஆனால் சமையலறைக் குழாயைத் திறந்தால் சீராக ஒழுகுகிறது. இடையில் தொட்டி நின்று மேடு பள்ளத்தைச் சமன் செய்வதே காரணம். பாட்டுச் செயலியும் இத்தகைய தொட்டி ஒன்றை வைத்திருக்கிறது. நாம் கேட்கும் பகுதிக்குச் சில நொடிகள் முன்னதாகவே வரவழைத்துச் சேர்த்துக்கொள்கிறது. பேருந்து ஒரு பாலத்தின் அடியில் புகுந்து அலை மறைந்தாலும் பாட்டு நிற்காமல் ஓடுவது இதனால்தான். தொட்டி வற்றினால் வட்டம் சுழலத் தொடங்கும்.

வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்று கணக்கிட்டால் பாதி மர்மம் விலகும். ஸ்பாட்டிஃபையில் ஒலித்தரத்தை நாமே தேர்ந்துகொள்ளலாம். வழக்கமான படிகள் நொடிக்கு 24, 96, 160, 320 கிலோபிட் என்று அமைந்துள்ளன. 320-ஐத் தேர்ந்தவர் நான்கு நிமிடப் பாட்டுக்கு ஏறத்தாழ 10 மெகாபைட் செலவழிக்கிறார். 96-ஐத் தேர்ந்தவர் 3 மெகாபைட்டுக்கும் குறைவாகச் செலவழிக்கிறார். இனி வரவைப் பாருங்கள். நம் நாட்டுத் தொலைபேசித் திட்டங்கள் பலவற்றில், அன்றைய டேட்டா அளவு தீர்ந்தவுடன் இணைப்பு அறுவதில்லை. வேகம் நொடிக்கு 64 கிலோபிட்டாகக் குறைந்துவிடுகிறது. இரவு பத்து மணிக்கு விடுதி அறையில் நடப்பது இதுதான். அலைக்குறி முழுதாக நிற்கிறது. செய்திகள் மெல்ல வந்துகொண்டிருக்கின்றன. பாட்டு மட்டும் திக்குகிறது. 64 வருகிற குழாயில் 96 எப்படி ஒழுகும்? மறுநாள் காலையில் எல்லாம் தானே சீராகிவிடுவதால், முன்னிரவில் செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவியவர் தம் மருந்துதான் பலித்தது என்று எண்ணிக்கொள்கிறார். தவறான மருத்துவம் இப்படித்தான் புகழ் பெறுகிறது.

குற்றம் தேடுவதில் ஒரு முறை உண்டு. இருபது பொருள்களுள் ஒன்றை நண்பன் மனத்தில் நினைத்துக்கொள்ள, நீங்கள் கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்கும் விளையாட்டை ஆடியிருப்பீர்கள். தேர்ந்தவன் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்பதில்லை; பாதியை ஒரே கேள்வியில் தள்ளிவிடுகிறான். இங்கும் அதுவே வழி.

ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்வோம். மறுநாள் கல்லூரி விழாவில் அவள் குழு ஆட வேண்டும். பாட்டு திறக்கவில்லை. அவள் கேட்க வேண்டிய முதற்கேள்வி, வேறு பாட்டு ஒலிக்கிறதா என்பதே. ஒலித்தால் வழியும் கருவியும் நலமாக உள்ளன. குற்றம் அந்த ஒரு பாட்டைச் சார்ந்தது. எதுவும் ஒலிக்கவில்லையென்றால், முன்பே பதிவிறக்கி வைத்த பாட்டு ஒன்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அது ஒலிக்குமானால் கைப்பேசியின் மேலுள்ள ஐயம் பெரிதும் நீங்கி, வழியின்மேல் ஐயம் விழுகிறது. உடனே விடுதியின் வைஃபையை நிறுத்தி, தோழியின் கைப்பேசியிலிருந்து இணைப்பைக் கடன் வாங்கிப் பார்க்கலாம். அதிலும் வரவில்லையா? தோழியின் கைப்பேசியிலேயே அதே செயலியில் பாட்டுக் கேட்கட்டும். அங்கும் வராவிட்டால் குற்றம் பெரும்பாலும் மறுமுனையில் இருக்கிறது. ஐந்து நிமிடத்துக்குள் இத்தனையும் முடிந்துவிடும். ஒன்றும் அழிக்கப்படவில்லை; ஒன்றும் மாற்றப்படவில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தாள் என்பதைக் கவனியுங்கள். வைஃபையையும் செயலியையும் ஒலித்தரத்தையும் ஒருசேர மாற்றியிருந்தால், பாட்டு வந்திருந்தாலும் எதனால் வந்தது என்று தெரிந்திராது. அடுத்த முறையும் இருட்டில்தான் தடவ வேண்டும்.

ஐயம் கைப்பேசியின்மேல் விழுந்தால் பார்க்க வேண்டியவை சில உண்டு. திரை அணைந்த சில நிமிடங்களில் பாட்டு நின்றுபோகிறது என்றால், அது பெரும்பாலும் பேட்டரியைக் காக்கும் ஏற்பாட்டின் வேலை. 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், கண்ணுக்குத் தெரியாமல் பின்னணியில் இயங்கும் செயலிகளை உறங்கவைக்கும் வழக்கம் வலுப்பெற்றது. கைப்பேசி செய்வோர் சிலர் அதை இன்னும் கடுமையாக்கினர். அமைப்புகளில் அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டால் போதும். கடிகாரத்தையும் பார்க்க வேண்டும். இது பலருக்கு வியப்பாக இருக்கும். செயலி, மறுமுனையில் உள்ள சர்வரை நம்புமுன் அதன் சான்றிதழைச் சரிபார்க்கிறது. சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கைப்பேசியின் தேதி ஈராண்டு பின்னால் நின்றால், நல்ல சான்றிதழும் செல்லாததாகத் தோன்றும், இணைப்பு மறுக்கப்படும். பேட்டரி முழுதும் வற்றிக் கிடந்த பழைய கைப்பேசிகளில் இது நேர்வதுண்டு.

நூலகம் பெரிது என்பதால் வரும் தொல்லை வேறொன்று. பாட்டுகள் தொலைவில் இருந்தாலும், நாம் விரும்பிச் சேர்த்த பாட்டுகளின் பட்டியல் கைப்பேசியில் எழுதி வைக்கப்படுகிறது. பல்லாயிரம் பாட்டுச் சேர்த்தவருடைய பழைய கைப்பேசி, செயலியைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பட்டியலைச் சர்வரிலுள்ள பட்டியலோடு ஒத்துப்பார்த்து மூச்சு வாங்கும். சேமிப்பிடம் நிறைந்து வழிகிற கைப்பேசியாயின் புதிய வரி எழுத இடமின்றித் தடுமாறும். நிழற்படங்களையும் பார்த்து முடித்த காணொளிகளையும் அப்புறப்படுத்தி இரண்டு மூன்று ஜிகாபைட் இடம் விட்டாலே பல கைப்பேசிகள் உயிர் பெற்றுவிடும். ஸ்பாட்டிஃபையில் ஒருவர் 10,000 பாட்டுக்குமேல் சேர்க்க இயலாது என்ற வரம்பு நெடுநாள் இருந்தது. 2020 மே மாதத்தில் அதை எடுத்துவிட்டார்கள். பதிவிறக்கத்துக்கு மட்டும் ஒரு கருவிக்கு 10,000 என்ற எல்லை உண்டு. பத்தாயிரத்துக்கு மேல் பதிவிறக்கி வைத்துக்கொண்டு ஒருவர் எப்போது கேட்பார் என்று நான் கேட்கப்போவதில்லை. வாங்கிய புத்தகங்களை எல்லாம் படித்தவர் நம்மில் யார்?

மறுமுனையின் குற்றத்துக்கு வரலாறு நல்ல சான்றுகளைத் தந்திருக்கிறது. 2020 ஜூலை 10-ஆம் நாள் ஐபோன் வைத்திருந்த பலருக்கு ஸ்பாட்டிஃபை திறந்த வேகத்தில் மூடிக்கொண்டது. பாட்டு நூலகத்திலோ கைப்பேசியிலோ குற்றம் இல்லை. ஃபேஸ்புக் கணக்கைக் கொண்டு உள்ளே நுழைவதற்காக அந்நிறுவனம் பிறருக்கு வழங்கியிருந்த ஒரு நிரல்பகுதி அச்செயலிக்குள் இருந்தது. ஃபேஸ்புக் தன் பக்கத்தில் செய்த ஒரு மாற்றத்தால் அந்தப் பகுதி இடற, அதைத் தாங்கிய செயலிகள் பலவும் சேர்ந்து விழுந்தன. விருந்தாளியின் கால் வழுக்கி வீட்டுக்காரர் விழுந்த கதை! அடுத்த மாதம், ஆகஸ்டு 19-ஆம் நாள், ஸ்பாட்டிஃபை தன் சான்றிதழ் ஒன்றை உரிய நாளில் புதுப்பிக்கத் தவறியதால் பாட்டு நின்றது. 2022 மார்ச் 8-ஆம் நாள் கூகுள் நிறுவனத்தின் கணினிச் சேவையில் ஏற்பட்ட கோளாற்றால் பலர் தம் கணக்கிலிருந்தே வெளியே தள்ளப்பட்டனர். மறுபடி நுழையவும் முடியவில்லை. இம்மூன்று நாளிலும் செயலியை நீக்கி மீண்டும் நிறுவியவருக்கு ஒரு பயனும் விளைந்திராது. காத்திருப்பதே மருந்தாக இருந்தது. பிறருக்கும் இதே நிலையா என்று இரண்டொரு நண்பரைக் கேட்டுவிட்டால், வீண் வேலை மிச்சம்.

காத்திருக்கவும் கேட்கவும் பொறுமையில்லாதவர் கையில் இரண்டு பொத்தான்கள் அகப்படுகின்றன. ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அமைப்புகளில் அவை அருகருகே இருப்பது வழக்கம். ஒன்று ‘கேஷ்’ என்னும் தற்காலிகச் சேமிப்பைத் துடைப்பது. செயலி தன் வசதிக்காகச் சேர்த்த துண்டு துணுக்குகள் மட்டும் போகும். தேவையானால் அது மறுபடி சேர்த்துக்கொள்ளும். மற்றொன்று, செயலியின் சேமிப்பு முழுவதையும் அழிப்பது. இதை அழுத்தினால் பதிவிறக்கிய பாட்டுகளும், கணக்கில் நுழைந்திருந்த நிலையும் எல்லாம் போய்விடும். கல்லூரியின் வைஃபையில் மூன்று மாதமாகச் சிறுகச் சிறுகப் பதிவிறக்கி, விடுமுறைக்கு மலையூருக்குச் செல்லும் மாணவன், பேருந்து நிலையத்தில் நின்று இந்த இரண்டாம் பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஐபோனில் இவ்விரு பொத்தான்களும் இவ்வாறு அமையவில்லை. அங்கே செயலியை நீக்குவதே பெரும்பாலும் அந்த இரண்டாம் பொத்தானின் வேலையைச் செய்துவிடும்.

பதிவிறக்கிய பாட்டு என்றாலும் அது நம் உடைமை அன்று என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஸ்பாட்டிஃபையில், உரிய கட்டணம் செலுத்துவோர் பதிவிறக்கிக்கொள்ளலாம். ஆனால் 30 நாளுக்கு ஒருமுறையேனும் கைப்பேசி இணையத்தைத் தொட்டு, கணக்கு நடப்பில் உள்ளதென்று காட்ட வேண்டும். தவறினால் பாட்டு வாய் மூடிக்கொள்ளும். அலை எட்டாத ஊரில் ஒரு மாதம் தங்கியவர் கருவி கெட்டதென்று கலங்குவதன் காரணம் இதுவே. நூலகப் புத்தகத்தைப் புதுப்பித்துக்கொள்ளும் வழக்கம் உள்ளவருக்கு இது எளிதில் விளங்கும்.

எனக்குத் தெரிந்த முதியவர் ஒருவர். பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவர். பழைய திரைப்பாடல்களாகத் தேடித் தேடி ஒரு செயலியில் நாலாயிரம் அளவுக்குச் சேர்த்து வைத்திருந்தார். ஒரு நாள் காலையில் அவற்றுள் பெரும்பகுதி சாம்பல் நிறமாக மங்கிக் கிடந்தது, தொட்டால் ஒலிக்கவில்லை. பொறியியல் படிக்கும் பேரன் பாட்டனுக்கு உதவ வந்தான். செயலியை நீக்கி நிறுவினான். மங்கியவை மங்கியே இருந்தன. உடனே கைப்பேசி முழுவதையும் துடைத்து, கடையில் வாங்கிய நாளின் நிலைக்குக் கொண்டுபோனான். அப்போதும் அவை மங்கியே இருந்தன. ஆனால் அந்தக் கைப்பேசியில், முதியவர் தம் தாயார் காலமாவதற்கு ஓராண்டு முன்பு பதிவு செய்து வைத்த தாலாட்டு ஒன்று இருந்தது. அதற்கு வேறு பிரதி இல்லை. பேரனிடம் அவர் கடிந்து பேசவில்லை. ‘இரண்டு நிமிடந்தான் இருந்தது’ என்று மட்டும் சொன்னார். பத்துக் கோடிப் பாட்டுள்ள நூலகத்தில் அந்த இரண்டு நிமிடத்தைத் தேடி என்ன பயன்? அவன் கேட்டிருக்க வேண்டியது ஒரே கேள்வி: மங்காத பாட்டுகள் ஒலிக்கின்றனவா? அவை ஒலித்தன. அந்த விடையே கைப்பேசி குற்றமற்றது என்று சொல்லியிருக்கும்.

மங்கிய பாட்டுக்குக் காரணம் பெரும்பாலும் ஒப்பந்தம். பாட்டு நூலகம் நடத்துவோர் பாட்டுக்குச் சொந்தக்காரர் அல்லர். இசைத்தட்டு நிறுவனங்களிடம் உரிமம் பெற்று ஒலிபரப்புகிறார்கள். உரிமம் முடிந்தால் பாட்டு மறையும். நமக்கு நெருங்கிய சான்று ஒன்றைக் காட்டுகிறேன். எச்.எம்.வி. என்ற பெயரில் நாம் அறிந்த பழைய இசைத்தட்டுகளின் உரிமை இன்று சாரிகாமா நிறுவனத்திடம் உள்ளது. தமிழ்த் திரைப்பாடல்களிலும் பழையவை மிகப் பல அதன் களஞ்சியத்தில் அடங்கும். 2019 ஏப்ரலில் அந்நிறுவனம் தில்லி உயர் நீதிமன்றத்துக்குச் செல்ல, ஸ்பாட்டிஃபை அதன் பாட்டுகளை எடுத்துவிட்டது. 2020 மே மாதத்தில் இரு நிறுவனங்களுக்கும் உடன்பாடு ஏற்பட்டுப் பாட்டுகள் திரும்பின. இடைப்பட்ட ஓராண்டில் யார் எத்தனை முறை செயலியை நீக்கி நிறுவியிருந்தாலும் அந்தப் பாட்டுகள் அங்கே வந்திரா. மேனாட்டிலும் இவ்வாறு நடந்ததுண்டு. நீல் யங் என்னும் பாடகர், ஒரு கருத்து வேறுபாட்டின் காரணமாக 2022 ஜனவரியில் தம் பாட்டுகளை ஸ்பாட்டிஃபையிலிருந்து நீக்கச் செய்தார். 2024-இல்தான் அவை திரும்பின.

பாட்டு மறையாமல் இருந்தும் அகப்படாமல் போவது மற்றொரு வகை. சீர்காழியில் பிறந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். அரங்கநாதன், நூல்களைப் பகுத்து எண்ணிடும் முறைக்காகத் தம் வாழ்நாளைச் செலவிட்டார். இடம் மாறி வைக்கப்பட்ட நூல் இல்லாத நூலுக்குச் சமம் என்பதை நூலகத்தில் பணி செய்தோர் யாவரும் அறிவர். ஒலிப்பதிவுகளுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்ற பெயரில் பன்னிரண்டு எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாளக் குறி உலகளவில் உண்டு. ஆனால் தேடும் நாம் அந்தக் குறியை அறிவதில்லை, பெயரைத்தான் அறிவோம். தமிழ்ப் பாட்டின் பெயரோ பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் பதியப்பட்டிருக்கிறது. நெடிலுக்கு ஒருவர் ஓரெழுத்து இடுகிறார். மற்றவர் ஈரெழுத்து இடுகிறார். ழகரத்துக்கு ஆளுக்கொரு வழக்கம். சொற்களைச் சிலர் சேர்த்தும் சிலர் பிரித்தும் எழுதுகிறார்கள். ஆதலின் முதலடியைத் தட்டச்சிட்டு அகப்படவில்லையென்றால், திரைப்படத்தின் பெயரையும் இசையமைப்பாளர் பெயரையும் கொண்டு தேடுங்கள். தமிழ் எழுத்திலும் ஒருமுறை தேடுங்கள். ஒரே பாட்டு படத்தின் தொகுப்பில் ஒன்றாகவும், பாடகரின் தொகுப்பில் மற்றொன்றாகவும் தனித்தனியே நிற்பது வழக்கம். ஒன்று மங்கியிருக்க, அதன் இரட்டை வேறு தட்டில் நன்றாகப் பாடிக்கொண்டிருக்கக்கூடும். விழாவுக்கு முன்னாள் இரவில் தவித்த நம் மாணவிக்கு இதுவே பெரும்பாலும் கை கொடுக்கும்.

அந்த முதியவர் இப்போது ஒரு நோட்டுப் புத்தகத்தில் பாட்டின் தொடக்கம், படம், ஆண்டு, பாடியவர் என்று நான்கு பத்தியாக எழுதி வருகிறார். செயலி எதுவாயினும் அந்தப் பட்டியல் உதவும் என்கிறார். பேரன், வீட்டில் உள்ளோர் குரல்களைப் பதிவு செய்து, ஒன்றைக் கைப்பேசியிலும் ஒன்றைப் பென் டிரைவிலுமாக வைத்திருக்கிறான்.

இத்தனையும் பார்த்த பின்னும் பாட்டு வரவில்லையென்றால், நிறுவனத்துக்கு முறையிட வேண்டியதுதான். ‘பாட்டு வரவில்லை, உடனே ஆவன செய்க’ என்று எழுதினால், செயலியை நீக்கி நிறுவுக என்ற பதில் வரும். அதைத்தான் எல்லாருக்கும் எழுதுவார்கள். எந்தக் கைப்பேசி, செயலியின் எந்தப் பதிப்பு, எந்த நாள் எந்த நேரம், எந்தப் பாட்டு, எந்த இணைப்பில் வந்தது, எதில் வரவில்லை என்று எழுதுங்கள். நீங்கள் செய்து பார்த்த சோதனைகளையும், ஒவ்வொன்றிலும் கண்டதையும் வரிசையாகச் சொல்லுங்கள். திரையில் தோன்றிய பிழைச் செய்தியை நினைவிலிருந்து எழுத வேண்டா. அதைப் படமாகப் பிடித்துக் கடிதத்தோடு இணைத்துவிடுங்கள்.